எந்தப் பக்கம் சுற்றுகிறது

தகடு இல்லை.
மூடியின் போல்ட்டில் அது தொங்கிய இடம் மட்டும்
துருவேறாமல், நகக்கண் அளவுக்கு வெளுத்திருக்கிறது.
"எஸ் என்ற எழுத்து இருந்தது, என் கண்ணால் பார்த்தேன்"
என்கிறார் ரபோலாஸ்.
எந்த வருஷம் பார்த்தீர்கள் என்றால்
லித்தாஸில் சம்பளம் வாங்கிய காலம் என்கிறார்.

ஸராசாயில் நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டு வந்து
கொட்டகைக்குள் உட்கார்ந்துவிட்டது.
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில்
இரண்டு செங்கல்மேல் அந்த டிஃபரென்ஷியல்:
காதறுந்த பன்றித்தலை,
முப்பது கிலோவுக்குக் குறையாது.

எண்பத்தெட்டில் பிறந்த என் பி.எம்.டபிள்யூ
என்னைவிட ஒரு வயது மூத்தது.
போன ஜனவரி, உறைந்த ஏரியில்,
அதன் இடது சக்கரம் வெறிபிடித்துச் சுழன்றது.
வலது சக்கரம்
கல்யாண வீட்டில் யாரும் விசாரிக்காத விருந்தாளிபோல்
சும்மா நின்றது.
இருக்கிற பலமெல்லாம் பிடிமானம் இல்லாதவனுக்கே;
சாதாரண டிஃபரென்ஷியலின் நியாயம் அப்படி.
பனியில் துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்
எழுந்து வந்து தள்ளினார்கள்.
சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.
அதுதான் இன்னும் வலிக்கிறது.

எண்ணெய்த் துளையில் விரல் விட்டு மோந்தேன்.
கந்தகம், கெட்டுப்போன முட்டைக்கோஸ்.
இது எதையும் நிரூபிக்காது.
"அந்தப் பக்கம் போய் நில்லுங்கள், ரபோலாஸ்.
முன்பக்க ஃபிளாஞ்சைத் தொடாதீர்கள்.
நான் இதைத் திருப்புகிறேன்,
உங்கள் பக்கத்தது எப்படிப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

கடிகாரம் போகும் திசையில் திருப்பினேன்.
கனம். உள்ளே ஏதோ தயங்கி, பிறகு சம்மதித்தது.

"ஐயோ" என்றார் அவர்.
"கடிகாரத்துக்கு எதிர்த்திசை."
இன்னொரு முறை திருப்பினேன்.
"எதிர்த்திசைதான்."
குல்லாயைக் கழற்றி முழங்காலில் தட்டினார்.
"அப்போது சாதாரணமானதுதான், லிமிடெட் ஸ்லிப் இல்லை.
பதினாலு வருஷமாக ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டேன்.
முந்நூறு சொன்னேனே, மறந்துவிடுங்கள்.
எண்பது யூரோ கொடுத்து எடுத்துப்போங்கள், அய்ஸ்தே."

ஒரு சொட்டு எண்ணெய்
ஃபிளாஞ்சின் விளிம்பில் திரண்டது,
தொங்கியது,
விழவில்லை.

நாங்கள் எதிரெதிரே நிற்கிறோம்.
எனக்கு வலம் அவருக்கு இடம்.
ஒரே அச்சில் ஒரே திசையில் சுழலும் ஒன்றை
இரண்டு முனையிலிருந்து இரண்டு பேர் பார்த்தால்
இரண்டு பேரும் பொய் சொல்லாமலே
எதிரெதிராகச் சொல்வார்கள்.
எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.
பையில் நானூறு இருக்கிறது.
எண்பது போனால் மீதிக்குக் குளிர்கால டயர்.

சொட்டு விழுந்தது.

"இந்தப் பக்கம் வாருங்கள்" என்றேன்.

பல் கட்டும் கூடத்தில்
கடி பதியும் இடத்தைக் குறிக்கிற நீலப் பென்சிலால்
இரண்டு ஃபிளாஞ்சிலும் உச்சியில் ஒரு கோடு.
முன்பக்கத்திலும் ஒன்று.
"இப்போது என் தோளுக்குமேல் பாருங்கள்.
கோடு ஜன்னல் பக்கம் சாய்கிறதா, சுவர்ப் பக்கமா?"

ஜன்னல்.
எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஜன்னல்.

பக்கத்துக் கோடு ஒரு சுற்று முடித்து உச்சிக்கு வந்தபோது
முன்கோடு மூன்று சுற்று போய்
நாலாவதில் முக்கால் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றது.
மூன்று புள்ளி ஏழு மூன்று.
தொலைந்த தகடு சொல்லியிருக்கக்கூடியதெல்லாம்
நீலக் கோட்டில் வந்துவிட்டது.

ரபோலாஸ் வெகுநேரம் பேசவில்லை.
தானே ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.
ஓடிப்போய் மறுபக்கம் பார்த்தார்.
திரும்பி வந்து திருப்பினார்.
அறுபது வயது மனிதர், குல்லாய் கீழே கிடக்கிறது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
"முந்நூற்று இருபது" என்றார்.

கொடுத்தேன்.
இரண்டு பேருமாகத் தூக்கினோம்,
அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.
வாசலில் முட்டிக்கொண்டோம்:
அவர் இடப்பக்கம் என்றார்,
நானும் இடப்பக்கம் என்றேன்.