சூடு

சலாம் சொல்வதற்கு முன்
எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துவிட வேண்டும்.
கைகுலுக்கிய பிறகு அந்தக் கை
யாருக்கோ கடன்பட்டது.

வஃப்ரா. எல்லைக்கு இந்தப் பக்கம்
பிளாஸ்டிக் கிழிந்த தக்காளிக் கூடாரங்கள்.
ஜனவரிக் காலை ஏழு மணி,
பேசினால் வாயில் புகை வருகிற குளிர்.
எஞ்சின் வெதுவெதுவென்றிருந்தது.

யாரோ முன்கூட்டியே ஓட்டி நிறுத்தியிருக்கிறார்கள்,
குளிரில் அது எழப் படும் பாட்டை
நான் பார்த்துவிடக் கூடாதென்று.

எழுபத்து நாலாம் வருட மாஸி. மூன்று சிலிண்டர்.
சிவப்புதான், ஆனால் இரண்டு வாரச் சிவப்பு:
ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள், காய்ந்த சேறு
எதன்மேலும் பாரபட்சமில்லாமல் அடித்திருந்தது.
நம்பர் தகட்டில் ரிவிட் இல்லை, புது ஸ்க்ரூ.
மீட்டர் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது,
எந்த வருடம் நின்றதோ.
கிளட்ச் மிதி வேறு கணக்குச் சொன்னது:
வெளி ஓரம் மட்டும் தேய்ந்து தேய்ந்து
மீன் செதில்போல் மின்னியது.
பாதத்தைச் சாய்த்தே மிதிக்கிற ஒரு கால்.

"ஓடினால் போதும்" என்கிறார் அபூ மிஷாரி.
உழுவதற்கில்லை.
வெள்ளிக்கிழமை புல்தரையில்
பேரப்பிள்ளைகளைப் பெட்டிவண்டியில் வைத்து இழுக்க.
மற்ற நாளில் ஆலிவ் தொட்டிகளுக்கு நடுவே நிற்க.
"பழசாக இருக்கணும் உஸ்தா, ரிப்பேர் மட்டும் கூடாது."
சம்பளம் தருகிறவர். நான் சிரிக்கவில்லை.

ஆயில் குச்சியை இழுத்தேன். தேன் நிறம்.
இவ்வளவு சுத்தம்,
கேள்வி கேட்பதற்குள் பதில் சொல்கிற ஆள் மாதிரி.
மூடியைத் திருப்பினேன். உள்ளே பாலேடு இல்லை, பரவாயில்லை.
ரேடியேட்டர் வாயெல்லாம் உப்பு;
இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் செம்பையே தின்னும்.
டயரில் பட்டன் உண்டு,
பக்கவாட்டில் விரல் நுழைகிற வெயில் வெடிப்பும் உண்டு.
ஸ்டீயரிங் கால் சுற்று சும்மா போகிறது.
சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது.
பிடிக்காமல் என்ன.

லிஃப்ட்டைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி,
ஒரு சிகரெட் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓர் அங்குலம் இறங்கவில்லை.
இதை மட்டும் யாரோ
தன்னுடையது என்று நினைத்துப் பராமரித்திருக்கிறான்.

சுலைமானி கொண்டுவந்தவன்
இடது பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான்.

தொஃபாசல், சில்ஹெட் பக்கம்.
கிளாஸை நீட்டிக்கொண்டே, உதடு அசையாமல், உடைந்த ஹிந்தியில்:
"அஞ்சு மாசம். வண்டி வித்தாத்தான் தருவேன்னு கஃபீல்."

மாதம் எழுபது தினார். ஐந்தெழுபது முந்நூற்றைம்பது.
நான் மனதில் வைத்திருந்தது அறுநூறு.
சூட்டைச் சொன்னால் நானூற்றைம்பதுக்கு இறங்கும்.
இறங்குகிற நூற்றைம்பது
கஃபீலின் எந்தப் பையிலிருந்து போகும் என்பதற்கு
மெக்கானிக் தேவையில்லை.

அபூ மிஷாரி என்னைப் பேரீச்சை ஓரமாகக் கூட்டிப்போனார்.
டயரைச் சொன்னேன். ஸ்டீயரிங்கைச் சொன்னேன். உப்பைச் சொன்னேன்.
பெயிண்ட்டை ரொம்பவே திட்டினேன்;
கடுமையாகப் பேசுகிறவனை நம்புவார்கள்.
லிஃப்ட்டைப் புகழ்ந்தேன், அதில் பொய் இல்லை.
உள்ளங்கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அறுநூறில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு போன்.
பின்னால் குழந்தைகளின் சத்தம். வண்டி எழவில்லை.

சனிக்கிழமை ஷுவைக்கில் அலைந்து
மூன்று நாசில், ஒரு ஹீட்டர் பிளக், இருபத்தாறு தினார்.
மாட்டி முடித்ததும் பில் கேட்டார்.
"கேரண்டி" என்றேன்.
ஐம்பது வருட வண்டிக்கு யார் தந்த கேரண்டி என்று
அவர் கேட்கவில்லை.
டீசல் துடைத்துக்கொண்டிருந்த என் கையை
ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

தொஃபாசலுக்கு மூன்று மாதம்தான் வந்ததாம்.
மீதி, கிணற்று மோட்டார் விற்றதும்.
அதற்கு விலை சொல்லவும்
நல்ல உஸ்தாவாக ஒருவனைத் தேடுகிறார்களாம்.

கூப்பிட்டால் போவேன்.
கையுறை போட்டுக்கொண்டு போகலாமா என்றுதான்
யோசனை.