இடது பக்கத்து நாற்காலி

மார்த்தாண்டம் மேம்பாலமும் எங்கள் ஆபீசும் ஒரே உயரம்.
ஜன்னலைத் திறந்தால்
லாரிச் சக்கரங்கள் மேசை மட்டத்தில் ஓடும்.
கீழே பேக்கரி, பக்கத்தில் தேன் கடை.
'ஜவான் நலச் சேவை மையம்' என்று போர்டு,
அதற்கு மேல் ஒரு சிங்கம்.
சிங்கம் யாருடையது என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் டைப் அடிக்கிறவள்.
ஒரே மனுதான். பெயர் மாறும், நம்பர் மாறும்,
உடம்பில் இடம் மாறும்.
பனியில் போன கால்விரல்,
பொக்ரானில் போன காது,
பட்டியாலாவில் ஏறி இறங்காத பிரஷர்.
'பணியினால் ஏற்பட்டது அல்லது பணியினால் மோசமானது.'
ஆயிரம் தடவை அடித்திருப்பேன்.
தூக்கத்திலும் விரல் அடிக்கிறது
என்று தங்கச்சி சொல்கிறாள்.

லிஃப்ட் கிடையாது. முப்பத்தாறு படி.
முட்டி போனவர்கள் ஒருமுறை ஏறுவார்கள்,
கையெழுத்துப் போடுவார்கள்.
சந்தேகம் கேட்க மறுபடி ஏறமாட்டார்கள்.
வாடகை குறைவு, அதான் இந்த மாடி என்பார் சார்.
நம்பித்தான் இருந்தேன்
ஹவில்தார் தாசையன் வருகிற வரை.

அருமனைக்காரர். பீரங்கிப் படை.
சட்டையில் ரப்பர் ஷீட்டின் புகைவாசம்.
பாலித்தீன் உறைக்குள் டிஸ்சார்ஜ் புக்.
ஏஜெண்ட் கொடுத்த பேப்பரைப் பார்த்து
முந்தின நாளே அடித்து வைத்திருந்தேன்:
இடது காது, முழுமையாக. வலது, பாதி.
சார் அதைப் படித்து
'இடது' என்பதன் கீழே சிவப்பில் கோடு போட்டார்.

தாசையன் உட்கார்ந்ததும்
சார் சுழல் நாற்காலியை விட்டெழுந்து
மேசையைச் சுற்றி வந்தார்.
பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து
அவருக்கு இடது பக்கம் போட்டார்.
தோளில் கை வைத்தார்.

அங்கிருந்துதான் சொன்னார்,
சத்தம் கூட்டாமல், நிதானமாக,
ஒன்றையும் விடாமல்:
அரியர்ஸில் முப்பத்தைந்து சதவீதம்.
கூடுகிற பென்ஷனில் இருபது மாதத்துப் பணம்.
தொகை எழுதாத செக் மூன்று.
இடையில் விலகினால் இருபத்தைந்தாயிரம்.
பாலத்தில் பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் ஒன்று போனது.
தாசையன் தலையாட்டினார்.
காது போனவர்கள் தலையாட்டுவார்கள்.
என்னது, என்னது என்று கேட்டுக் கேட்டு
வெட்கப்பட்டுப் போனவர்கள்.

'எல்லாம் வெளக்கமாச் சொல்லியாச்சு,
சாட்சி இந்தப் பிள்ளைதான்' என்றார் சார்.
சாட்சி என்ற இடத்தில் நான் எழுதினேன்:
செ. சுஜிலா.
என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

பதினோரு மாதம் கழித்து
அரியர்ஸ் விழுந்தது, ஆறு லட்சத்துச் சில்லறை.
மெசேஜை அவர் எழுத்துக்கூட்டி முடிக்கும் முன்
முதல் செக் பாஸாகிவிட்டது.

நேற்று அவர் மனைவி ரெத்தினபாய் வந்தார்.
முப்பத்தாறு படியும் மூச்சு வாங்கி ஏறி.
கையில் ஒரு தாள்.
'நாகர்கோவில்ல, பட்டாளத்துக்காரங்களுக்குள்ள கவர்மெண்ட் ஆபீஸ்ல
இதே மனுவ சும்மா எழுதித் தாறாவ.
ஒத்த ரூபா வாங்கல்ல.'
வாங்கிப் பார்த்தேன்.
நாங்கள் அடிக்கிற அதே வரி, அதே பிழையோடு.

சார் வெளியே போயிருந்தார்.
'நீ சொல்லு மக்கா,
எத்தன சதமானம்னு இவருகிட்ட சொன்னாவளா?'
'சொன்னாவ' என்றேன். பொய் இல்லை.
அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
'எந்தப் பக்கம் இருந்து?'

இருபது வருஷமாக
அந்த மனுசனின் வலப்பக்கமே நடக்கிறவள்,
வலப்பக்கமே படுக்கிறவள்.
அவளுக்கு இந்தக் கேள்வி வர
எவ்வளவு நேரம் ஆகும்?

இன்று காலை பழைய பைலைத் திறக்கவில்லை.
வெற்றுப் பக்கத்தில் அவர் பெயர், அவர் நம்பர்.
பிறகு:
'நாற்காலி இடது பக்கம் போடப்பட்டது.'
போடப்பட்டது என்பதை அழித்து
'போட்டார்' என்று மாற்றினேன்.
'நான் பார்த்தேன்.'
இதற்கு மேல் எப்படி எழுதுவது,
மாதிரி எதுவும் கைவசம் இல்லை.

சார் படியேறி வருகிறார்.
நல்ல முட்டி அவருக்கு.
பதினெட்டு, பத்தொன்பது.