நாலு விரற்கடை

சீனத் தண்டவாளம் ஒடுக்கம். எங்களுடையது அகலம்.
வித்தியாசம் எண்பத்தைந்து மில்லிமீட்டர்.
கட்டைவிரலை மடக்கி, கையுறையோடு
என் உள்ளங்கையை வைத்தால் மூடிவிடும்.

அந்த நாலு விரற்கடைக்காகத்தான்
வருகிற சரக்கெல்லாம் இங்கே இறங்கி ஏறுகிறது.
அந்த நாலு விரற்கடைதான் என் சம்பளம்,
குறை சொல்ல வாய் வருவதில்லை.

தோஸ்திக். எங்கள் மொழியில் நட்பு.
ஸ்டேஷன் பலகையில் அந்தச் சொல்லை
குளிர்காலம் முழுக்கப் பனி தின்னும்.

கிரேன் கூண்டில் பத்து வருஷம் உட்கார்ந்தால்
பெட்டிகளுக்கு முகம் வந்துவிடுகிறது.
இடது மூலை நசுங்கிய அந்த ஆரஞ்சுப் பெட்டியை
மார்ச்சில் மேற்கே அனுப்பினேன், வயிறு நிறைய.
ஜூலையில் காலியாக வந்தது.
அதே இரவு, பக்கத்துப் பாதையில்,
காலியாகவே மேற்கே போகக் காத்திருந்தது ஒரு நீலம்.
வயர்லெஸ்ஸில் செரிக்பாயைக் கேட்டேன்:
இதுவும் காலி, அதுவும் காலி,
அதது இருந்த இடத்திலேயே விட்டிருந்தால் என்ன?
"அது வேற கம்பெனி, குல்யாஷ். இது வேற கம்பெனி."
கொஞ்சம் இருமினார்.
"தூக்கு."

காற்றைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன்.
காற்றைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.
ரெண்டுக்கும் தனித்தனி முத்திரை, தனித்தனி எடைச்சீட்டு.

நிஜக் காற்று வருகிற நாளில் கிரேனுக்கு அனுமதியில்லை.
கணவாய் வழியே அது
ஒருவரிடமும் காகிதம் காட்டாமல் நுழைகிறது.
முப்பத்தெட்டு ரயில் வரிசையில் நிற்க,
கீழே சுங்க அறையில் மதினா
ஒரே தக்காளி விழுதை மூன்று மொழியில் தட்டுகிறாள்.
மூன்றிலும் எடை வேறு.
எது சரி என்று கேட்டால்
எந்த அதிகாரி இன்றைக்கு டியூட்டி என்று திருப்பிக் கேட்கிறாள்.

நவம்பரில் என் வாஷிங் மெஷினின் பம்ப் போயிற்று.
எல்லைக்கு அந்தப் பக்கம், உரும்ச்சியிலிருந்து
புதிதாக வரவழைத்தேன்.
பதினோராம் நாள் போனில் செய்தி:
உங்கள் பொருள் செவ்வாய் இரவு எல்லை கடந்தது.

செவ்வாய் இரவு மூன்றாம் கிரேனில் நான்தான்.
என் பம்பை நானே தூக்கியிருக்கிறேன்,
இருபது டன் பிறத்தியார் சாமான்களோடு,
என் சமையலறை ஜன்னல் தெரிகிற உயரத்தில்.
விளக்கை அணைக்காமல் வந்திருந்தேன் அன்று.

அது இங்கே இறங்கவில்லை.
எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி அல்மாட்டி போயிற்று.
ஒரு கிடங்கில் படுத்தது. எழுந்து இன்னொரு கிடங்குக்கு மாறியது.
வரி கட்டியாயிற்றா என்று ஒருவர் கேட்டார்.
கட்டிய ரசீதை இன்னொருவர் கேட்டார்.
மூன்றாமவர் என் பெயரின் எழுத்தைச் சரிபார்க்கச் சொன்னார்.
இருபத்தாறு நாள்
குளியல் தொட்டியில் மகனின் ஜீன்ஸை மிதித்துத் துவைத்தேன்,
கணுக்கால் வரை சிவந்து.

பயணிகள் ரயிலில், முட்டைகோஸ் மூட்டைகளுக்கு நடுவே
கிழக்கு பார்த்துத் திரும்பி வந்தது.
பிரித்தால், வாய் ரெண்டு மில்லிமீட்டர் சிறிசு.
எதிர்வீட்டு ஒராஸ்
பழைய சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றிக் கொடுத்தான்.

ஓடுகிறது.
அடியில் கொஞ்சம் ஒழுகுகிறது,
கிண்ணம் ஒன்று வைத்திருக்கிறேன்.