அரை சென்டிமீட்டர்

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ், மூன்றாம் மாடி.
பழைய புத்தகக் கடைக்கும் முத்திரை வெட்டுபவருக்கும் நடுவே
என் கடை.
படங்களுக்குச் சட்டம் போடுகிறேன்.
பட்டமளிப்பு, கல்யாணம், செத்தவர் முகம்,
எதற்கும் நாலு பக்கம்தான்.

நியாங் வந்தது ஒரு செவ்வாய்க் காலை,
தாதிமை இல்லத்தில் இரவுப் பணி முடித்து.
சீருடைமேல் மஞ்சள் மழையங்கி,
கக்கத்தில்
படுக்கை விரிப்பில் சுற்றிய மலை.

ஒரு மலை அல்ல.
ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு
நீலம் வெளிறி வெளிறிப் போய்
கடைசியில் நிற்பது மலையா வானமா என்று
அவளே தீர்க்காமல் விட்டிருந்தாள்.
"சின் மலை," என்றாள். "பர்மாவில். டிடிம் பக்கம்."

எனக்கும் மலை தெரியும்.
குறிஞ்சி: மலையும் மலை சார்ந்த இடமும்.
உயர்நிலை இரண்டில் இரண்டு மதிப்பெண்.
எங்கள் ஊர் மலைகள் பேருந்தின் நெற்றியில் ஓடும்,
புக்கிட் பாத்தோக், புக்கிட் மேரா, புக்கிட் பாஞ்சாங்.
ஏறினால் இருக்கை.
இறங்கினால் கோப்பிக் கடை.

மேசையில் கிடத்தினேன். நடுவே தொய்ந்திருந்தது.
இந்த ஊர்க் காற்றில் எதுவும் விறைப்பாக நிற்காது,
அப்பளம், தபால் உறை, மலைத்தொடர்.
கவிழ்த்துப் போட்டு
மூலை ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
தட்டத் தட்டப் பள்ளத்தாக்கு
மூச்சை இழுத்து நிமிர்ந்தது.
"எங்கள் ஊரில் மழை தட்டினால் சரியும்," என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

"வீடுகள் இருக்கின்றன, பாதை எங்கே?"

கொஞ்ச நேரம் என் கத்தரிக்கோலைப் பார்த்தாள்.
"வரைந்தேன். பிறகு மூடிவிட்டேன்."

விளக்கைச் சாய்த்ததும் தெரிந்தது.
பச்சைக்கு அடியில் ஒரு தழும்பு
வளைந்து வளைந்து மேலேறி
முதல் வீட்டுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது.
"அதில் யார் யாரோ வருகிறார்கள்," என்றாள்.
விளக்கை நேராக்கினேன்.

தேக்கு, கறுப்பு விளிம்பு, விலை சொன்னேன்.
தவணையில் தரலாமா என்றாள், தரலாம்.
"ஒன்றுதான், சட்டத்தின் உதடு
சுற்றிலும் அரை சென்டிமீட்டர் தின்னும்.
எல்லாப் படத்துக்கும் அப்படித்தான்.
யாரும் கவனிப்பதில்லை."

"கூடாது."

கீழ் விளிம்பில், இடது மூலையில்
நகத்தை வைத்தாள்.
எள்ளளவு சிவப்பு.
தூரிகையின் ஒற்றை மயிர் போட்டது.
"கதவு," என்றாள். "எங்களுடையது."

அளவுகோலை வைத்தேன். விளிம்பிலிருந்து நாலு மில்லிமீட்டர்.

இருபத்திரண்டு வருஷத்தில்
எத்தனை பேரின் கால் விரல்கள்,
கையெழுத்தின் வால்,
கல்யாணக் கூட்டத்தின் ஓரத்தில்
பாதி உடம்போடு நின்ற யாரோ ஒரு தூரத்துச் சொந்தம்,
எத்தனை
நான் தின்றிருப்பேன்?
வாங்கிப் போனவர்கள் எல்லாரும் நன்றி சொன்னார்கள்.

படத்தைத் தொடாத சட்டம் ஒன்று உண்டு.
மரத்துக்கும் துணிக்கும் நடுவே
விரல் நுழையும் அளவு நிழல்.
அறுபது வெள்ளி கூடுதல்.
உதடு அசையக் கணக்குப் போட்டாள்,
எத்தனை இரவோ.
"போடுங்கள்."

வெள்ளிக்கிழமை எடுக்க வந்தபோது கேட்டேன்,
வீட்டில் எந்தச் சுவருக்கு?

"வீட்டுக்கு இல்லை. தோ பாயோவில் ஒரு பல் மருத்துவர்
விலை பேசிவிட்டார். காத்திருக்கும் அறையில்
அவருடைய சோபா நீலமாம். பொருந்துமாம்."

"கதவைப் பற்றிச் சொன்னீர்களா?"

"இல்லை." விரிப்பை உதறி மடித்தாள்.
"பல்வலிக்காரர்கள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.
யாராவது பார்ப்பார்கள்."

வெளியே விக்டோரியா தெருவில் மழை பிடித்துக்கொண்டது.
குமிழித்தாள் சுற்றினேன், இரண்டு சுற்று,
இடது மூலைக்கு மட்டும் மூன்று.
கான்கிரீட் சுவருக்கு எந்தக் கொக்கி தாங்கும் என்றாள்.
தராசில் ஏற்றிப் பார்த்து
ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்:

மலை, ஒன்று.
நாலு கிலோ முந்நூறு.