முக்கால் மீட்டர்

படம் பதினான்கு நிமிடம்.
அதில் ஐம்பது விநாடி
ஒரு பெண் நடந்து போகிறாள்
பனியில், நமக்கு முதுகைக் காட்டி.
படப்பிடிப்பில் பனி என்பது உப்பும் காகிதத்தூளும்.
மிதித்தால் சத்தமே இல்லை.
அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாள் இடாலியா.
முதல் படம் அவளுக்கு.
நகங்களில் பச்சைச் சாயம், பாதி கடித்தது.

தோல்பையில் உருளைக்கிழங்கு மாவை நிரப்பி
இரண்டு கையாலும் அழுத்தினால்
பனி மிதிபடும்.
செலரித் தண்டை முறித்தால் எலும்பு முறியும்.
ஈரக் கையுறைகளை உதறினால் புறா கிளம்பும்.
முத்தத்துக்கு என் புறங்கை போதும்.
நாற்பது வருடமாக
வூச் நகரத்துத் திரைக் காதலர்கள் அத்தனை பேருக்காகவும்
என் கையை நானே முத்தமிட்டு வருகிறேன்.

"ரொம்பக் கனமாக நடக்கிறாள்" என்றாள்.
மாவைக் குறைத்தேன்.
"இப்போது கோபமாக.
அவளுக்குக் கோபமே இல்லை."
பிறகு என்னதான், என்றேன்.
"எனக்கும் தெரியவில்லை, ஸெனோன்.
விட்டுப் போகிறவர்கள் எப்படி நடப்பார்கள்
நீங்கள் கேட்டதுண்டா?"

ஹால்ஷ்கா போனபோது
நான் வேலையில் இருந்தேன்.
வீட்டில்தான். மூன்றாம் மாடி ஜன்னலில்.
எண்பத்தேழு பிப்ரவரி, விடியவில்லை இன்னும்.
முதல் டிராமின் சத்தத்தைப் பிடிக்க
மைக்கைத் தெருவுக்கு நீட்டி
ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தேன்.
பின்னால் வந்து நின்று ஏதோ சொன்னாள்.
உதட்டில் விரலை வைத்தேன்,
திரும்பாமலே.

அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது
அந்த விரல்தான்.

பிறகு கீழே யாரோ நடந்தார்கள்.
எரிச்சலாக இருந்தது.
ஊரெல்லாம் உறங்கும் நேரத்தில்
என் டிராமைக் கெடுக்கவென்றே ஒரு ஜோடிக் கால்கள்.
குனிந்து பார்க்கவில்லை.
நாடாவைச் சுற்றிப் பெட்டியில் போட்டு
மேலே எழுதினேன்:
"டிராம். உதவாது. இடையில் காலடி."

காதைக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான்.
மேஜைமேல் அவள் சாவி இருப்பதை
மதியம்தான் பார்த்தேன்.

நேற்றிரவு அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன்.
முப்பத்திரண்டு வருடத் தூசியில்
என் கையெழுத்து மட்டும் இளமையாக இருந்தது.
ஓட விட்டேன்.
கதவு.
பனியில் ஒன்று, இரண்டு, மூன்று
கனமும் இல்லை, கோபமும் இல்லை,
மளிகைக்குப் போகிறவள் போல ஒரு நடை.
பதினொன்று.
பதினொன்றில் நிற்கிறாள்.

நான்கு விநாடி.

சத்தத்தைக் கூட்டினேன்.
காற்று. தூரத்தில் ஒரு நாய்.
பிறகு, மைக்குக்கு மிக அருகில்,
எவனோ 'ச்சு' கொட்டுகிறான்.

பன்னிரண்டு. பதின்மூன்று.
மணியடித்துக்கொண்டு டிராம் வருகிறது.
நல்ல டிராம். துல்லியமான பதிவு.

இடாலியாவின் படத்தில் அந்தப் பெண் நிற்பதில்லை.
ஒரே ஓட்டமாகப் போய்த் தெருமுனையில் மறைகிறாள்.
கதை அப்படி.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
இந்தக் காலத்தில் யாரும் நாடாவை வெட்டுவதில்லை,
கணினியில் ஒரு சொடுக்கு போதும்.
இருந்தாலும் வெட்டினேன்.
அந்த இயந்திரத்தின் வேகத்தில்
நான்கு விநாடி என்றால் முக்கால் மீட்டர்.
இரு நுனிகளையும் ஒட்டினேன்.
பதினொன்றுக்கு அடுத்து உடனே பன்னிரண்டு.

இன்று மாலை கல்லூரித் திரையரங்கில்
அறுபது பேர் இருந்திருப்பார்கள்.
ஹால்ஷ்கா தன் போக்கில் நடந்து போனாள்,
வேறொரு பெண்ணின் பூட்ஸுக்குள்ளிருந்து.
யாரும் இருமவில்லை.
கோட்டுப் பையில் அந்த நாடா
விரலில் சுற்றச் சுற்ற
வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது.

விளக்கு எரிந்ததும் இடாலியா ஓடி வந்தாள்.
"இதுதான் அந்த நடை! இதேதான்!
எப்படிச் செய்தீர்கள்?"

மாவுதான், என்றேன்.
கொஞ்சம் பழைய மாவு.