கீழ்ப்பாதி மட்டும்

"கலர் அடிச்சுக்கோங்க,
கீழ்ப்பாதி மட்டும்" என்றிருந்தார் வீட்டுக்காரர்.

என்ன பச்சை வேண்டும் என்று லிகிதாவைக் கேட்டோம்.
கடித்து வைத்திருந்த கிளிமூக்கு மாங்காயை நீட்டினாள்,
மிளகாய்த்தூளோடு.

தோல் ஒரு டப்பா.
தோலுக்கு அடுத்தது இன்னொரு டப்பா,
வெள்ளை இரண்டு கரண்டி.
அதற்கடுத்து நான்கு. அப்புறம் எண்ணவில்லை.
ஓசூரில் ஏப்ரல்; சுவர் யாருக்கும் காத்திருக்காது.
இவர் பூசப் பூச
ஈரம் காயுமுன் பிரஷ்ஷால் இழுத்தேன்,
பச்சையை மேலே, வெளுப்பைக் கீழே,
தோள்பட்டை கழன்றுவிடும்போல.

ஒன்பதரைக்கு நைட் ஷிப்ட் பஸ் ஹாரன்.
நகத்தில் பச்சையோடே ஏறிப் போனார்.
ஜன்னலோரம் ஒரு சாண்
கோடாகக் காய்ந்துவிட்டது,
ஸ்பாஞ்சுக்கும் மசியவில்லை.

வாடகைக்கு வந்தவர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுவரைத் தடவினார்.
"பாதி எங்கம்மா முடியுது?"

எனக்கும் தெரியவில்லை.

லிகிதா அவர் விரலைப் பிடித்து
ஜன்னலோரம் கூட்டிப் போனாள்.
"இங்க மட்டும்தான் தெரியும், அங்கிள்.
இதுக்குக் கீழ எங்களோடது, மேல உங்களோடது.
மத்த இடத்துல கலந்துடுச்சு."

அவர்
எண்ணி முடித்த பணத்தை
மறுபடி எண்ண ஆரம்பித்தார்.