கூம்பு இனிக் கேட்கப்படாது

செவ்வாய் இரவு, கரண்ட் இல்லை.
தேமா எட்டாம் வட்டாரம் முழுக்க
யாரோ ஒருவருடைய ஜெனரேட்டரின் இருமல்.
பதினோரு சதவீதத்தில் கிடந்த போனில்
வந்தது மடல்.

அன்புள்ள தேர்வரே,
கட்டுரை இனிக் கிடையாது.
வாக்கியங்களில் பிழை பொறுக்க வேண்டாம்.
மூன்றரை மணி நேரம்
இரண்டே கால் ஆகிறது.
வடிவியல் நீக்கப்படுகிறது.

வடிவியல் நீக்கப்படுகிறது.
இந்த ஒரு வரியை
போன் அணைகிறவரை படித்தேன்.

போன முறை என்னைத் தோற்கடித்தது ஒரு கூம்பு.
கூர்முனை கீழே பார்க்க நின்றது.
பாதி உயரத்துக்குத் தண்ணீர்.
எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றார்கள்.
பாதி என்றேன்.
எட்டில் ஒரு பங்கு என்பது
ட்ரோட்ரோவின் பின்சீட்டில், இரண்டு மீன் கூடைகளுக்கு நடுவே
நசுங்கியிருந்தபோது புரிந்தது.
இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன்.

பிறகு பதினான்கு மாதம்.
இரவெல்லாம் துறைமுகத்தில்
கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பேன்.
காலை ஆறிலிருந்து எட்டு வரை முக்கோணங்கள்.
சோளத்தோலை உரித்து
கென்கே உருண்டையின் கன அளவைக் கணக்கிட்டுவிட்டுத்தான்
பிய்த்து மிளகாயில் தொட்டேன்.
ஹர்மட்டான் புழுதி படிந்த லாரிக் கண்ணாடியில்
விரலால் ஒரு தொடுகோடு.
நிழலை அளந்து கிரேனின் உயரம் சொன்னேன்.
ஃபோர்மேன் கேட்டது
பெட்டி வந்துவிட்டதா என்று மட்டும்.

மழை விட்டபின் குடை வாங்கியிருக்கிறாய் கோர்க்கோர்,
என்று சிரித்தான் செலோர்ம்.
அவன் அந்த அத்தியாயத்தைத் திறந்ததே இல்லை.
சோம்பேறிக்குச் சோறு தேடிவந்த நாள் அது.
நாங்கள் பாதிப் பாதி போட்டு வாங்கிய பழைய வழிகாட்டி;
முதுகெலும்பு ஏற்கெனவே முறிந்திருந்தது.
முந்நூற்றுப் பதினொன்று முதல் நானூற்று இரண்டு வரை கிழித்து
வாழைக்காய் சுடும் ஆன்ட்டி டெடேயிடம் கொடுத்துவிட்டான்.
மறுநாள் மாலை
என் வாழைக்காயும் கடலையும் வந்தது
ஒரு வட்டத்தில் சுற்றி.
ஓரத்தில் என் கையெழுத்து:
மடச்சி, ஆரத்தை வர்க்கப்படுத்து.

மடலின் கடைசியில் ஒரு சலுகை இருந்தது.
முன்பு அழுத்தினால் அழுத்தியதுதான்,
திரும்பிப் பார்க்கக் கூடாது.
இனி ஒவ்வொரு பகுதியிலும்
மூன்று விடைகளை மாற்றிக்கொள்ளலாம்.
மூன்று.
யார் உட்கார்ந்து எண்ணினார்களோ.
ஒருவருக்கு இவ்வளவு தப்பு போதும் என்று
எந்த மேசையில் முடிவானதோ.

தேர்வு நாள், அக்ரா.
உள்ளங்கையை ஸ்கேன் செய்தார்கள்.
ஏசி எலும்பைத் தடவியது.
கடைசி மூன்று நிமிடத்தில்
ஒன்பதாம் கேள்விக்குத் திரும்பினேன்.
இ-யை ஆ ஆக்கினேன்.
ஆ-வை மறுபடி இ ஆக்கினேன்.
இரண்டு சலுகை அப்படிப் போயிற்று.
மூன்றாவதைச் செலவழிக்கக் கை வரவில்லை.

மிச்சமிருந்த நாற்பது நொடியில்
மார்க்கரால் அந்தப் பளபளத்த தாளில்
தலைகீழாய் ஒரு கூம்பு வரைந்தேன்.
பாதி உயரத்தில் ஒரு கோடு.
கீழே சின்னதாய் நிழலிட்டேன்.
எட்டில் ஒன்று.

கண்காணிப்பாளர் தாளை வாங்கினார்,
பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்,
ஈரத்துணியால் துடைத்தார்.

மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டேன்.
செலோர்மைவிட இருபது குறைவு.

திரும்பும் ட்ரோட்ரோவில்
கையில் இருந்தது ஒற்றை ஐம்பது செடி நோட்டு.
மேட் பையன் அதை வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு
என் மடியிலேயே போட்டான்.
இதை மாற்ற முடியாது சிஸ்டர், என்றான்.
இறங்கும்போது பார்ப்போம்.